அது காதல் பாட்டு இல்லை

என் தம்பி கடைசியாக எனக்கு அனுப்பியது ஒரு மெட்டு. வார்த்தை எதுவும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் பாடி, போனில் பதிந்து அனுப்பியிருந்தான். நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும். அவன் அந்த டிரைவரை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். முடியும்போது, "எப்படிக்கா இருக்கு? இத வச்சு ஏதாவது எழுது" என்பான். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் அவனுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் கடை வாசலில் நின்று பதிந்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டாளிகளோடு கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். சின்ன வயதிலிருந்து இறங்கிப் பழகிய ஆறு. முழங்கால் அளவுதான் தண்ணீர். பேசிக்கொண்டே நடந்தவன் அடுத்த அடியில் காணாமல் போனான் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். மணல் அள்ளிய குழி. மேலே தண்ணீர் ஓடும்போது குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவன் நன்றாக நீந்துவான். ஆனால் அந்தக் குழிக்குள் பிடித்து ஏற எதுவும் இல்லை, பிடிக்கப் பிடிக்க ஓரம் சரிந்து மேலே விழும் என்று அவனைத் தூக்கி வந்த தீயணைப்புக்காரர் எங்களிடம் சொன்னார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "பையன் குடிச்சிருந்தானாம்மா?" என்பது. இல்லை என்றோம். அடுத்த கேள்வி, "லவ் மேட்டர் ஏதாவது?" அதுவும் இல்லை என்றோம். கடைசியில், ஆழம் தெரியாமல் இறங்கிவிட்டான் என்று முடித்தார்கள். முழங்கால் தண்ணீர் ஓடுகிற ஆற்றுக்குள் அந்த ஆழம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போம்மா" என்றார்கள்.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

நான் ஒரு ஜவுளிக் கடையில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். "இரண்டாம் தளத்தில் குழந்தைகளுக்கான ஆடைகள்" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒலிக்கிற குரல் என்னுடையது. அது பிழைப்பு. நான் உண்மையில் செய்ய நினைத்தது ராப். ராப் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். "மூச்சு விடாம திட்றதுதானே?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. என்னுடையது பாதி பேச்சு, பாதி பாட்டு. பேசிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் குரல் மெட்டில் ஏறிவிடும், பிறகு மறுபடி பேச்சுக்கு இறங்கும். மெலடி ராப் என்று அதற்குப் பெயர். எங்கள் அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் பேசுவாள். நான் அதைத் தாளத்துக்குள் கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் தன் வீட்டு மாடி அறையை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தான். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கம்பளி. பீட் போடுவது, பதிவு செய்வது, மிக்ஸிங் எல்லாம் அவன். எழுதுவதும் பாடுவதும் நான். தம்பி இருந்தபோதே சில பாட்டுகளை ஆரம்பித்திருந்தோம். அவன் போன பிறகு நான் பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி போனபோது, இருந்த பாட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றேன். அவன் சரி என்றான். ஆல்பத்துக்குக் 'கொள்ளிடம்' என்று பெயர் வைத்தோம்.

என் வார விடுமுறை நாட்களில்தான் பதிவு. மைக் ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது. வேர்த்து வடியும். ஒரு வரி சரியாக வந்துகொண்டிருக்கும்போது அவன் அம்மா மாடிப்படியில் ஏறி வந்து, "புறப்பாடு நம்ம வீதிக்கு வந்துடுத்து, நாயனம் தாண்டிப் போற வரைக்கும் நிறுத்திக்கோங்கோ" என்பார். நிறுத்துவோம். பெருமாள் போகிற வரை ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த மாமி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுப்பார். அந்த வீட்டில் நான் நன்றாகத்தான் நடத்தப்பட்டேன். அதையும் சொல்ல வேண்டும்.

தம்பி அனுப்பிய மெட்டை வைத்து ஒரு பாட்டு எழுதினேன். பாட்டு அவன் குரலில்தான் ஆரம்பிக்கும். போனில் பதிந்த அதே குரல். ஹாரனையும் கெட்ட வார்த்தையையும் கடைசியில் அவன் பேசியதையும் எடுத்துவிட்டு, அந்த முனகலை அப்படியே முன்னால் வைத்தோம். பிறகு நான் வருவேன். முதல் சரணத்தில், சாப்பிட்டு வைத்த தட்டு, கதவுக்குப் பின்னால் தொங்குகிற சட்டை. இரண்டாவதில், நான் அனுப்பிய செய்திக்கு நீலமாகாத டிக், எடுக்காத போன். எல்லாம் 'நீ', 'நீ' என்றே போகும். இரண்டுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப வருகிற வரி:

போயிட்டு வரேன்னு சொன்னே
போனே
வரலே

மூன்றாவது சரணத்தில்தான் முதல் முறையாக 'தம்பி' என்ற சொல் வரும்.

தம்பி, ஆறு ஒன்னக் கொல்லல
ஆத்துக்குள்ள குழி வெட்டினவன் வீடு
மாடி மேல மாடியா நிக்குது
ஒன் பேன்ட் பையில ஒரு பிடி மணல் இருந்துச்சு
அதுக்கு மட்டும் யாரும் பர்மிட் கேக்கல

வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். கேட்பவர்கள் முதலில் யாரோ காதலனை நினைத்துக்கொள்ளட்டும், மூன்றாவதில் முகத்தில் அறைந்த மாதிரி தெரியட்டும் என்று நினைத்தேன். அந்த அறைதான் பாட்டு. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கையை ஓங்குவது.

அதைப் பாடி முடித்தபோது நண்பன் ஹெட்போனைக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இதுல ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்" என்றான். நான் கேட்டு அவன் சொல்லவில்லை. அவனாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரிலீஸ் ஆகட்டும், முழுசாகக் கேட்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆல்பத்தை வெளியிடச் சென்னையில் ஒரு கம்பெனி முன்வந்தது. பேச்சுவார்த்தை எல்லாம் நண்பன்தான் பார்த்தான். கம்பெனிக்காரர் ஒருமுறை என்னிடமும் பேசினார்.

"சிஸ்டர், பாட்டு பிரமாதம். அந்த மூணாவது வெர்ஸ் மட்டும் கொஞ்சம் நியூஸ் மாதிரி இருக்கு."

"நியூஸ்ல வரல சார். அதனாலதான் பாட்டுல வச்சேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். "சூப்பர் சிஸ்டர், இந்த ஃபயர்தான் வேணும்" என்றார். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒன்று சொல்லி ஒருவர் சிரித்தால் அவர் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிற ஆள் நான்.

ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியானது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்கியிருந்த நேரம். கடையில் கூட வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேரோடு, புடவைத் தளத்துக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்று போனில் போட்டேன். முதலில் அட்டைப் படமே வேறாக இருந்தது. நாங்கள் எடுத்துக் கொடுத்தது, வெறும் மணலில் கிடக்கிற தம்பியின் ரப்பர் செருப்பு. அவன் கூட்டாளிகள் கரையிலிருந்து எடுத்து வந்து கொடுத்த செருப்பு. அதற்குப் பதிலாக ஒரு பெண் ஜன்னல் ஓரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் அந்தப் பெண் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தம்பியின் குரல் வந்தது. நான் வந்தேன். முதல் சரணம், இரண்டாவது சரணம், 'போனே, வரலே'. அப்புறம் ஒரு கிடார், கொஞ்சம் வயலின், பாட்டு முடிந்துவிட்டது.

நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே இடத்தில் முடிந்தது. கூட நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கா அந்தப் பையன்? இன்னும் பேசுறானா?" என்று கேட்டாள்.

அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். நண்பன் மாடியில் இருந்தான். போனில் வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"மூணாவது எங்கடா?"

"முதல்ல உக்காரு."

"மூணாவது எங்க?"

"கேளு. மணல் மேட்டர் சென்சிட்டிவ்னு சொல்றாங்க. கேஸ் கீஸ் வந்தா யாரு பாக்கறதுன்னாங்க. எடுத்தா ஆல்பம் வரும், இல்லைன்னா வராது. ஒரு பாட்டுக்காக மொத்தத்தையும் விடச் சொல்றியா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் சொல்லலையா? எனக்காக முடிவெடுக்க நீ யாரு?"

"பாட்டுல பாதி என்னோடது."

"பீட்டு ஒன்னோடது. தம்பி என்னோடது."

மாடிப்படியில் அவன் அம்மா கையில் டம்ளரோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "ஏன்டாப்பா, அவகிட்ட சொல்லாமயா பண்ணினே?" என்று மகனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். மாமி டம்ளரை என் பக்கம் நீட்டினார். வேண்டாம் மாமி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாட்டு ஓடாமல் போயிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்தப் பாட்டு ஓடியது. ஆல்பத்தில் மற்ற ஏழு பாட்டுகளை யாரும் சீண்டவில்லை. இந்த ஒன்றை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது. ரீல்ஸைத் திறந்தால் தம்பியின் முனகல். தாடி வளர்த்த ஒரு பையன் சிகரெட்டைப் பற்றவைப்பான், பின்னால் என் தம்பி முனகுவான். ஒருவன் கல்யாணப் பத்திரிகையைக் கிழிப்பான், என் தம்பி முனகுவான். முக்கொம்புப் பாலத்தில் நின்று யாரோ இருவர் கையை விடுவார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரப் போனவர் திரும்பி வரவில்லை என்று ஒருவர் சிரிப்புக்குச் செய்தது எல்லாவற்றையும் விட அதிகமாகப் பரவியது. 'போனே, வரலே' என்று வெறும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அழுவார். கீழே, "அக்கா, எந்த எக்ஸை நெனச்சு பாடினீங்க?" என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிப் பார்த்தேன். அது காதல் பாட்டு இல்லை, அது என் தம்பி என்று எழுதினேன். அதற்குச் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

உயிரோடு இருக்கும்போது ஒரு பெண்ணிடம் நின்று பேசக் கூச்சப்படுவான் அவன். செத்த பிறகு தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை காதல் தோல்விக்கும் அவனை அழ வைத்துவிட்டார்கள். மணல் எடுத்தவர்கள் அவன் உயிரை எடுத்தார்கள் என்றால், இவர்கள் அவன் சாவையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அம்மா தில்லை நகரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். மத்தியான வேலையை முடித்துவிட்டு வழக்கமாக நாலு, நாலரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் நான் கடை முடிந்து வந்தபோதும் வந்திருக்கவில்லை. பதறிப்போய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாவகாசமாக வந்தாள். முகம் கழுவினாள். பிறகு உட்கார்ந்து சொன்னாள்.

"பஸ்ல அவன் குரல் கேட்டுச்சு."

நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"பின்னாடி சீட்டுல உக்காந்திருக்கானோன்னு திரும்பிப் பாத்தேன். அப்பறம் நீ பாட ஆரம்பிச்சே. அப்பதான் புரிஞ்சுது."

"அம்மா..."

"எறங்க வேண்டிய எடத்துல எறங்கல. டிரைவர்கிட்ட போயி, இன்னொரு தரம் அதப் போடுங்க தம்பின்னேன். என்னம்மா, இந்த வயசுல ஒனக்கு லவ் ஃபெயிலியரான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? சிரிச்சாலும் போட்டான்ல. அதே பஸ்ல திரும்ப சத்திரம் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

நான் கத்தினேன். நாளைக்கே கம்பெனிக்குப் போன் போடுகிறேன், அந்தப் பாட்டை எடுக்கச் சொல்கிறேன், எடுக்காவிட்டால் வக்கீலைப் பார்க்கிறேன் என்றெல்லாம் கத்தினேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எடுத்துட்டா அவன் குரலும் போயிடும்ல?"

"நம்ம போன்ல இருக்கும்மா."

"அது நம்ம போன்ல. இது ஊருக்கே கேக்குதுல்ல."

"ஊருக்கு அவன் யாருன்னே தெரியாதும்மா! யாரோ பொண்ணுக்கு அழுறான்னு நெனக்கிறாங்க!"

"அப்ப யாருன்னு சொல்லு," என்றாள் அம்மா. அவள் குரலும் ஏறிவிட்டது. "முதல் வரியிலயே தம்பின்னு எழுதியிருந்தா அவங்களால எத வெட்ட முடியும்? இப்ப வந்து என்கிட்ட கத்துற. வாய் இருக்குல்ல? நாள் பூரா மைக்குல பேசுறல்ல? சொல்லு."

அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. எனக்கு அம்மா மேலும் கோபம். அந்தப் பாட்டைக் கேட்டுச் சந்தோஷப்பட அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று கோபம். சந்தோஷப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று அதற்கு மேல் கோபம்.

கடையில் மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம கடைப் பொண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அறிவிப்புகளுக்கு நடுவில் அந்தப் பாட்டைப் போட ஏற்பாடு செய்தார். நான் வேண்டாம் சார் என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை, நான் படிப்பதற்கு அவரே ஒரு புது அறிவிப்பு எழுதிக்கொண்டு வந்தார். 'நமது நிறுவனத்தின் அறிவிப்பாளர் பாடி, இளைஞர்களின் இதயங்களைக் கொள்ளைகொண்ட சூப்பர் ஹிட் காதல் பாடல்' என்று இருந்தது.

கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மைக்கை எடுத்து அழுத்தினேன். வழக்கமான மணி ஒலித்தது.

"வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு," என்றேன். வாய்ப் பழக்கம். "இப்ப நீங்க கேக்கப் போற பாட்டு காதல் பாட்டு இல்லைங்க. அதுல முதல்ல வர்ற குரல் என் தம்பியோடது. கொள்ளிடத்துல மணல் அள்ளின குழியில விழுந்து செத்துட்டான். அவனுக்காகப் பாடினது. மூணாவது சரணத்த வெட்டிட்டாங்க. அத இப்ப பாடுறேன்."

அவன் பெயரைச் சொன்னேன். பிறகு பாடினேன். பீட் இல்லை, கிடார் இல்லை. நாலு தளத்து ஸ்பீக்கரிலும் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. 'பர்மிட் கேக்கல' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. சரியாகப் பாடினேன் என்று சொல்ல மாட்டேன்.

கடை அப்படியே ஸ்தம்பித்து நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. சிலர் மேலே ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பில் போடும் இடத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கையை நிறுத்தினார்கள். எனக்கு எதிரில் ஒரு குடும்பம் நைட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை லிஃப்டில் ஏற மாட்டேன் என்று அழுதது.

மேனேஜர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "என்னம்மா இது, ஆடித் தள்ளுபடில வந்து சாவு அது இதுன்னு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஒன் தம்பியா? என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"தம்பி செத்துட்டான்னு லீவு கேட்டேனே சார்."

"அது ஞாபகம் இருக்கு. பாட்டு அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தெரியாதபடிதானே வெட்டியிருந்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து தள்ளுபடி முடிகிற வரை என்னை மைக்கிலிருந்து எடுத்து, துணி மடித்துப் பையில் போடுகிற இடத்தில் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் ஒரு வயதான அம்மா வந்தார். கொள்ளிடத்துக்கு வடகரையில் லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். பேத்திக்குப் பாவாடை வாங்க வந்தவர். வாங்கிய பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்னையே பார்த்தபடி நின்றார்.

"மைக்குல பாடினது நீதானாம்மா?"

"ஆமாங்க."

"எங்க அண்ணன் மவனும் அப்படித்தான் போனான். மாடு குளிப்பாட்டப் போனவன். குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்க. டீகூடக் குடிக்க மாட்டான் அவன்." பையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "அந்தக் கடைசிப் பாட்டு எனக்குச் சரியா காதுல விழல. இன்னொருக்கா சொல்றியா?" என்றார்.

அவரிடம் இருந்தது பட்டன் போன். அனுப்ப முடியாது. அதனால் மாடிப்படி ஓரம் கூட்டிப்போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பேச்சாகவே சொன்னேன். யாரோ வழி சொல்வதைக் கேட்டுக்கொள்வதுபோல் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "எங்க அண்ணி இதக் கேக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

நான் மைக்கில் பாடியதைக் கூட வேலை பார்க்கும் பெண் போனில் எடுத்துப் போட்டுவிட்டாள். கொஞ்சம் பரவியது. கம்பெனிக்காரர் கூப்பிட்டார். முதல் நாள் மிரட்டினார். எங்கள் அனுமதி இல்லாமல் எப்படிப் பாடலாம் என்றார். என் தம்பியைப் பற்றிப் பாட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோது குரலில் தேன் வழிந்தது.

"சிஸ்டர், இந்த ஸ்டோரி ஆங்கிள் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு. முழுப் பாட்டையும் விட்டுடலாம். கூடவே ஒரு சின்ன வீடியோ. அம்மா ஆத்தங்கரையில உக்காந்து பேசுற மாதிரி. அழுதாங்கன்னா அழட்டும், ஒண்ணும் இல்ல."

அழுதால் அழட்டும், ஒன்றும் இல்லை. அந்த வார்த்தைகளை நான் மறக்கப் போவதில்லை. அம்மா எந்தக் கேமரா முன்னாலும் வரமாட்டாள் என்றேன். பாட்டை மட்டும் முழுதாகப் போடுங்கள், செருப்புப் படத்தைப் போடுங்கள் என்றேன். பாட்டைப் போட்டார்கள். படத்தைப் போடவில்லை. ஆல்பத்தின் கடைசியில் 'ஒரிஜினல்' என்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு. வெட்டியதுதான் இன்னும் ஓடுகிறது.

நண்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். அம்மா அவனை உட்கார வைத்துத் தோசை வார்த்துக் கொடுத்தாள். அவனும் சாப்பிட்டான். "தப்புப் பண்ணிட்டேன்" என்றான். "ஆமா" என்றேன். அவன் போன பிறகு, "சின்னப் பையன், விடேன்" என்றாள் அம்மா. நான் விடவில்லை. இனியும் அந்த மாடிக்குப் போக மாட்டேன்.

வடகரை அம்மா சொன்னபடியே கூப்பிட்டார். ஒரு விடுமுறை நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாலைந்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த அண்ணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் பாடி முடிக்கிற வரை முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முடிந்ததும், "எங்க புள்ள பேரையும் அதுல போட்டுப் பாடுவியா?" என்று கேட்டார். பாடினேன். 'தம்பி' என்று வருகிற இடத்தில் அந்தப் பையன் பெயரைச் சொன்னேன். அண்ணி எழுந்து, பக்கத்தில் நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா? அன்னைக்கு குடிச்சிருந்தான்னு எழுதி போலீஸ் நீட்டுன காயிதத்துல கையெழுத்துப் போட்டீங்களே, கேட்டீங்களா?" என்று கத்தினார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் அம்மா போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. "கத்துங்க. நல்லா கத்துங்க" என்றாள்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் இருக்கும்போது கம்பெனிக்காரரிடமிருந்து போன்.

"சிஸ்டர், அடுத்த ஆல்பம் பேசிடலாமா? பெருசா வேண்டாம். இதே ஃபீல்ல ஒண்ணே ஒண்ணு கொடுங்க, போதும்."

"இதே ஃபீல்ல வேணும்னா எங்க வீட்டுல இன்னொருத்தர் சாகணும் சார். மிச்சம் இருக்கிறது நானும் எங்க அம்மாவும்தான். யாரு வேணும்?"

"ஐயோ, ஏன் சிஸ்டர் எமோஷனல் ஆகுறீங்க..."

"நீங்க சொல்லுங்க. யாரு வேணும்?"

பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது எனக்கே தெரியவில்லை. அம்மா என் காதிலிருந்து போனை மெதுவாக எடுத்து, அணைத்து, தன் கூடைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எந்திரி," என்றாள். "எறங்கற எடம் வந்துருச்சு."